ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிறு, நாலு டயருக்கும் இடமாற்றம்

என் காரின் முன்பெட்டிக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. பால் கணக்கு எழுதுவதற்கு வாங்குவோமே, அந்த மாதிரி நோட்டுதான். அதில் தேதி, ஓடிய கிலோமீட்டர், நான்கு டயரின் பட்டன் ஆழம் (தரையில் படும் ரப்பரில் உள்ள பள்ளங்களின் ஆழம்), இவை தவிர வேறொன்றும் இல்லை. ஒருநாள் பஞ்சர் கடை பாய் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "டயருக்கு ஜாதகம் எழுதி வச்சிருக்கியாம்மா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அதற்கு ஜாதக நோட்டு என்றே பெயர்.

வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். வேலை புதுச்சேரி முதலியார்பேட்டையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில். போக வர நாற்பது சொச்சம் கிலோமீட்டர். வண்டி ஒரு வேகன் ஆர். எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 13,000, 14,000 கிலோமீட்டர் ஓடுகிறது. முன்னால் உள்ள டயரைப் பின்னாலும் பின்னால் உள்ளதை முன்னாலுமாக இடம் மாற்றிப் போட வேண்டுமா, அதனால் ஏதாவது பிரயோஜனம் உண்டா, இல்லை கடைக்காரர்கள் பிழைப்புக்காகச் சொல்வதா என்று அலுவலகத்தில் இரண்டு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். நோட்டு வைத்திருப்பவளிடம்தானே கேட்பார்கள். நான் மெக்கானிக் இல்லை, கணக்குப் பார்க்கிறவள். அதனால் முதலில் கணக்கு, அப்புறம் ஜாக்கி.

மாற்ற வேண்டுமா, வேண்டாமா

வேகன் ஆர், ஸ்விஃப்ட், ஐ10 போன்ற சின்ன கார்களில் இன்ஜின் முன்னால் இருக்கிறது. வண்டியை இழுப்பது முன் சக்கரம். திரும்புவதும் அதுவே. பிரேக் மிதித்தால் பாரம் முன்பக்கம் சாய்வதால் நிறுத்துகிற வேலையிலும் பெரும்பங்கு அதன் தலையில்தான். பின் சக்கரம் கூடவே உருண்டு வருகிறது, அவ்வளவுதான். கல்யாண வீட்டில் ஒருவர் பந்தி பந்தியாகப் பரிமாறிக்கொண்டிருக்க, இன்னொருவர் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அந்தக் கதை. காலையில் ஆல்பேட்டை தாண்டி, ரெட்டிச்சாவடி, முள்ளோடை, தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று போய் மரப்பாலம் சிக்னலில் நிற்பதற்குள் எத்தனை முறை பிரேக் மிதிக்கிறேன் என்று எண்ணினால் எனக்கே பாவமாக இருக்கும்.

நோட்டில் உள்ள கணக்கு இது. புது டயரில் பட்டன் ஆழம் 7.5 மில்லிமீட்டர். 10,000 கிலோமீட்டர் ஓடினால் முன் டயரில் 1.3 மி.மீ. தேய்கிறது, பின் டயரில் ஏறக்குறைய அதில் பாதி, 0.65. இது என் வண்டி, என் சாலை, என் கால். உங்களுக்கு வேறாக இருக்கும். ஆனால் முன்னால் வேகமாகவும் பின்னால் மெதுவாகவும் தேய்வது முன் சக்கரம் இழுக்கும் எல்லா வண்டிக்கும் பொது.

வண்டியோடு வந்த முதல் செட்டை நான் தொடவே இல்லை. 34,000 கிலோமீட்டரில் முன் இரண்டும் 3 மி.மீ.க்கு வந்துவிட்டன, பின் இரண்டும் 5.3-ல் ஜம்மென்று இருந்தன. சட்டப்படி காருக்கு 1.6 மி.மீ. வரை போகலாம். டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் 1.6-க்கு வந்துவிட்டது என்று அர்த்தம். மேடு எங்கே இருக்கிறது என்பதை டயரின் தோளில், அதாவது பட்டனும் பக்கவாட்டும் சேரும் விளிம்பில், உள்ள சின்ன முக்கோணம் காட்டும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் இந்தச் சாலையில் ஓட்டுகிறவர்கள் அதுவரை காத்திருக்கக் கூடாது என்பது என் கட்சி. பள்ளம் ஆழமாக இருந்தால்தான் டயர் தண்ணீரை வெளியே தள்ளும். ஆழம் போய்விட்டால் டயர் தண்ணீர் மேலேயே ஏறி ஓடும், ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்ததே, அதற்கு அடுத்த நாட்களில் இந்தப் பக்கம் ஓட்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 3 மி.மீ. வந்தால் நான் டயரைக் கழற்றிவிடுவேன்.

சரி, முன் இரண்டு டயரையும் மாற்றியாக வேண்டும். இரண்டு புது டயர் வாங்கினேன். கடையில் புதுசை முன்னாலேயே மாட்டப் போனார்கள். பெரும்பாலானவர்கள் செய்வதும் அதுதான். டயர் கம்பெனிகள் சொல்வதோ தலைகீழ்: இரண்டு மட்டும் புதுசு என்றால் அவை பின்னால் போக வேண்டும். காரணம் ஈரச் சாலை. முன் சக்கரம் வழுக்கினால் வண்டி திரும்ப மறுத்து நேராகப் போகும். பயமாகத்தான் இருக்கும், ஆனால் ஆக்சிலரேட்டரை விட்டால் பிடி திரும்ப வரும். பின் சக்கரம் வழுக்கினால் வண்டியின் வால் வீசும். அதைப் பிடித்து நிறுத்த நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதனால் புதுசைப் பின்னால் போட்டு, 5.3-ஐ முன்னால் கொண்டுவந்தோம். முன்னால் வந்தது மறுபடி சீக்கிரம் தேய்ந்தது. மறுபடி இரண்டு வாங்கினேன். இப்படியே எப்போது பார்த்தாலும் இரண்டு கிழம், இரண்டு குமரி. கம்பெனியும் வேறு வேறு, பிடிப்பும் வேறு வேறு.

இந்த வம்பே வேண்டாம் என்று ஒரு கட்டத்தில் நான்கையும் சேர்த்தே மாற்றி, அந்தச் செட்டை ஆரம்பத்திலிருந்தே இடம் மாற்றி மாற்றி ஓட்டினேன். நான்கும் 46,000 வரை வந்தன, நான்கும் ஒரே சமயத்தில் 3 மி.மீ.யைத் தொட்டன.

இதில் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. மொத்தத்தில் தேய்கிற ரப்பர் ஒன்றுதான். இடம் மாற்றினால் ரப்பர் மிச்சமாகாது, பங்கீடுதான் சமமாகிறது. 34,000-ஐயும் 46,000-ஐயும் பக்கத்தில் வைத்து 12,000 லாபம் என்று சொல்கிறவர்கள், முதல் கணக்கில் பின் டயரில் 5.3 மீதி இருந்ததை மறந்துவிடுகிறார்கள். எனக்குக் கிடைத்த லாபம் வேறு. நான்கும் ஒரே வயது, ஒரே பிடிப்பு. புதுசை எங்கே போடுவது என்ற கேள்வியே வராது. மாற்றும்போது நான்குக்கும் சேர்த்து ஒரே கடையில் பேரம் பேசலாம்.

அதனாலேயே எல்லோரும் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். தேவனாம்பட்டினத்தில் இருக்கும் என் சித்தப்பா கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும்தான் வண்டியை எடுப்பார். வருஷத்துக்கு 4,000 தாண்டாது. என் கணக்குப்படி அவர் 46,000-ஐத் தொட பதினோரு வருஷம் ஆகும். அதற்குள் ரப்பர் இறுகி, பக்கவாட்டில் வெடிப்பு விட்டுவிடும். அவருக்குத் தேய்மானம் எதிரி இல்லை, வயசுதான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. ஐந்து வருஷம் ஆனபிறகு வருஷத்துக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். பத்து வருஷம் ஆனால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிட வேண்டும். சித்தப்பாவிடம் இடம் மாற்றுவதைப் பற்றி நான் பேசியதே இல்லை, அந்த எண்ணை மட்டும் பார்க்கச் சொன்னேன்.

இன்னொரு சாராரும் மாற்ற வேண்டாம். இதுவரை மாற்றாமலே 30,000 ஓட்டிவிட்டு, முன்னால் 3, பின்னால் 5 என்று வைத்திருப்பவர்கள். இப்போது இடம் மாற்றினால் மொட்டையாகப் போகிற இரண்டும் பின்னால் போய் உட்காரும். மழைக்காலத்தில் அது வினையை விலைக்கு வாங்குவது. முன்னுக்கும் பின்னுக்கும் 2 மி.மீ. வித்தியாசம் வந்துவிட்டால் நான் தொடமாட்டேன். அடுத்த செட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். ஆரம்பத்திலிருந்தே செய்கிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. 7,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் என் வண்டியில் வித்தியாசம் அரை மி.மீ.யைக்கூட எட்டுவதில்லை.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை? வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். பொதுவாக 8,000 முதல் 10,000. எனக்குக் கிலோமீட்டர் ஞாபகம் இருப்பதில்லை, பண்டிகை ஞாபகம் இருக்கும். ஆயுத பூஜைக்கு எப்படியும் வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கப் போகிறோம். அதற்கு முந்தின ஞாயிறு ஒருமுறை. சித்திரை பிறப்பதற்கு முன் ஒருமுறை. ஏறக்குறைய 7,000-க்கு ஒன்று என்று தானாக அமைந்துவிடுகிறது. முதல் வேலை மழைக்கு முன் வருவது கூடுதல் சௌகரியம்.

முதலில் டயரைப் பாருங்கள்

இதைச் செய்யாமல் மாற்றியதால் எனக்கு இரண்டு டயர் போனது. ஒருமுறை கன்னியக்கோயில் பக்கம் இருட்டில் ஒரு பள்ளத்தில் இடது முன் சக்கரம் சடாரென்று இறங்கியது. வண்டி ஓடியது, நானும் மறந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து வழக்கம்போல இடம் மாற்றினேன். வெளிப்பக்கம் மட்டும் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்று பின்னால் தள்ளிவிட்டேன். அது உள்பக்க ஓரத்தில் மொட்டையாகி இருந்தது. பின்னாலிருந்து அந்த இடத்துக்கு வந்த நல்ல டயரும் அதே ஓரத்தில் தேய ஆரம்பித்தது. அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்க வேண்டிய கோணம், கெட்டுப் போயிருந்தது. நானோ நோயாளியைக் கட்டில் மாற்றிப் படுக்க வைத்துவிட்டு, அதே கட்டிலில் இன்னொருவரைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்திருக்கிறேன்.

பட்டன் ஆழம் அளக்கும் சின்னக் கருவி டயர் கடைகளிலும் இணையத்திலும் மலிவாகவே கிடைக்கிறது. ஒவ்வொரு டயரிலும் மூன்று இடத்தில் அளக்க வேண்டும்: வெளி ஓரம், நடு, உள் ஓரம். முன் சக்கரத்தின் உள் ஓரம் தெரிய ஸ்டியரிங்கை முழுசாக ஒருபக்கம் ஒடித்துக்கொள்ளுங்கள். பின் சக்கரத்துக்குக் குனியத்தான் வேண்டும். கழற்றின பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் விட்டதுதான்.

மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் நல்லது, மேலே போகலாம். நடு மட்டும் தேய்ந்து ஓரங்கள் நன்றாக இருந்தால் காற்று அதிகமாக வைத்து ஓட்டியிருக்கிறீர்கள். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவு. ஒரே ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட். அப்புறம் உள்ளங்கையைப் பட்டன் மேல் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். போகும்போது வழவழப்பாகவும் திரும்பும்போது ரம்பப் பல் மாதிரி உரசலாகவும் இருந்தால் அதுவும் அலைன்மென்ட்தான். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும். அங்கங்கே குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரையும் பேலன்சிங்கையும் (சக்கரத்தைச் சுற்றி எடை சமமாக இருக்கிறதா என்பதை) பார்க்கச் சொல்லுங்கள். இவற்றில் எது இருந்தாலும் முதலில் அதைச் சரி செய்துவிட்டு, பிறகு இடம் மாற்றுங்கள்.

எது எங்கே போகும்

முன் சக்கரம் இழுக்கும் வண்டி என்றால்: முன்னால் இருப்பவை நேராகப் பின்னால் போகும், இடது இடதுக்கு, வலது வலதுக்கு. பின்னால் இருப்பவை குறுக்கே முன்னால் வரும். பின் இடது முன் வலதுக்கு, பின் வலது முன் இடதுக்கு. நான்கு முறை செய்தால் ஒவ்வொரு டயரும் நான்கு மூலையிலும் உட்கார்ந்து எழுந்திருக்கும்.

பொலேரோ, ஈகோ, இன்னோவா க்ரிஸ்டா மாதிரி பின் சக்கரம் தள்ளும் வண்டிகளுக்கு இது அப்படியே திரும்பும். பின்னால் இருப்பவை நேராக முன்னால், முன்னால் இருப்பவை குறுக்கே பின்னால்.

இந்தக் 'குறுக்கே' என்பதில் எனக்கும் பாய்க்கும் இன்றுவரை ஒத்துப் போனதில்லை. "ரேடியல் டயரைப் பக்கம் மாத்தக் கூடாதும்மா, உள்ளே கம்பி பிசகிடும்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ரேடியல் டயர் புதிதாக வந்த காலத்தில் ஒரே பக்கத்தில் முன் பின் மட்டுமே மாற்றச் சொன்னார்கள், அவர் தொழில் கற்றது அப்போது. இன்றைய டயருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, டயர் கம்பெனிகளே குறுக்கு அம்பு போட்டுத்தான் படம் தருகின்றன. உங்கள் கையேட்டில் படம் இருந்தால் அதுதான் தீர்ப்பு, பாயும் இல்லை, நானும் இல்லை.

குறுக்கே மாற்றக் கூடாத டயர் ஒன்று உண்டு. பக்கவாட்டில் ரொட்டேஷன் என்ற ஆங்கில எழுத்தும் ஒரு அம்புக்குறியும் இருந்தால், அந்த டயர் ஒரு திசையில்தான் உருள வேண்டும். அதை அதே பக்கத்தில் முன் பின் மட்டும் மாற்றலாம். அவுட்சைடு என்று எழுதியிருக்கும் டயர் வேறு வகை. அந்த எழுத்து வெளியே தெரிகிற மாதிரி இருந்தால் போதும், குறுக்கேயும் போகலாம். முன்னுக்கு ஒரு அளவும் பின்னுக்கு ஒரு அளவும் உள்ள வண்டிகள் இந்த விளையாட்டிலேயே இல்லை.

ஸ்டெப்னியையும் சேர்க்கலாமா? அதே அளவு, அதே ரகம், அதே புதுசு என்றால் தாராளமாக. முன் வலது டயர் ஸ்டெப்னி இடத்துக்கும், ஸ்டெப்னி பின் வலதுக்கும் போகும். மற்ற மூன்றும் முன்பு சொன்னபடியே. ஆனால் நான்கும் பாதி தேய்ந்த பிறகு பெட்டியில் தூங்கிய புது டயரை நடுவில் நுழைத்தால் அதுவே ஒரு வித்தியாசம். இப்போது நிறைய கார்களில் ஸ்டெப்னி சின்ன அளவில் வருகிறது. அது பஞ்சர் கடை வரை போவதற்கு மட்டும். நான் சேர்ப்பதில்லை. ஸ்டெப்னிக்கு வேறு வேலை வைத்திருக்கிறேன்.

ஒரே ஜாக்கியில் வீட்டு வாசலில்

நான்கு டயரை இடம் மாற்ற நான்கு ஜாக்கி வேண்டாம். ஒரு ஜாக்கியும் ஒரு ஸ்டெப்னியும் போதும். சின்ன ஸ்டெப்னியாக இருந்தாலும் பரவாயில்லை, அதில் ஓடப் போவதில்லை, நிற்கத்தான் போகிறது.

சமதளமான சிமெண்டுத் தரை வேண்டும். எங்கள் பக்கம் வாசல் எல்லாம் மணல். மழை பெய்து காய்ந்த மணலில் ஒருமுறை ஜாக்கி போட்டு, பாதி ஏற்றியதும் ஒருபக்கமாகச் சாய ஆரம்பித்தது. கைக்கு ஒன்றும் ஆகவில்லை, நெஞ்சுதான் நின்றுவிட்டது. அன்றிலிருந்து ஜாக்கிக்கு அடியில் ஒரு பலகை வைப்பேன். 2011 டிசம்பரில் தானே புயல் பண்ருட்டிப் பக்கம் பலா மரங்களைச் சாய்த்ததில் அத்தை வீட்டு மரமும் விழுந்தது. அதில் அறுத்த துண்டு. பலாப் பலகை இப்படி ஜாக்கிக்குப் பீடமாகும் என்று அத்தை நினைத்திருக்க மாட்டார்.

வண்டியை முதல் கியரில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, தூக்கப் போகும் சக்கரத்துக்கு எதிர்மூலையில் உள்ள சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். மூன்றும் வேண்டும். ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தை மட்டுமே பிடிக்கும். முன் சக்கரம் ஒன்றைத் தூக்கிவிட்டால் கியர் பிடிக்காது. கல் மட்டும்தான் எப்போதும் பிடிக்கும். வண்டிக்குள் யாரும் உட்காரக் கூடாது, குழந்தைகள் உட்பட. நான்கு டயரிலும் சாக்பீஸால் எழுதுங்கள்: மு.இ., மு.வ., பி.இ., பி.வ. வேலை நடுவில் யாராவது வந்து பேச்சுக் கொடுத்தால் எது எங்கிருந்து வந்தது என்று நிச்சயம் மறந்துவிடும்.

வரிசை இப்படி. முதலில் பின் இடது. அதைக் கழற்றி, அந்த இடத்தில் ஸ்டெப்னியை மாட்டி வண்டியை இறக்குங்கள். இப்போது கையில் பி.இ. இருக்கிறது. அதை உருட்டிக்கொண்டு முன் வலதுக்குப் போங்கள். மு.வ.வைக் கழற்றி, பி.இ.யை மாட்டுங்கள். கையில் மு.வ. அதை நேராகப் பின் வலதுக்கு. அங்கே கழற்றிய பி.வ.வை முன் இடதுக்கு. அங்கே கழற்றிய மு.இ.யை, நாம் ஆரம்பித்த பின் இடதுக்குக் கொண்டுவந்து, ஸ்டெப்னியைக் கழற்றிவிட்டு மாட்டினால் வட்டம் முடிந்தது. ஐந்து முறை தூக்கி இறக்க வேண்டும். எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது, நடுவில் ஒரு டீ உட்பட.

ஒவ்வொரு மூலையிலும் செய்கிற வேலை ஒன்றுதான், ஆனால் அதில் நுணுக்கம் இருக்கிறது. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று தளர்த்திவிட வேண்டும். தூக்கின பிறகு முறுக்கினால் சக்கரம் சுற்றும், வண்டி ஆடும். ஜாக்கியை வைக்கும் இடம் கதவுக்குக் கீழே உள்ள தகட்டு விளிம்பில், இரண்டு வெட்டுகளுக்கு நடுவில். கையேட்டில் படம் இருக்கும். வேறு எங்கே வைத்தாலும் தகடு மடங்கும். டயர் தரையை விட்டு இரண்டு விரல் உயர்ந்தால் போதும். கையில் காத்திருக்கும் டயரைக் கதவுக்கு அடியில் படுக்க வைத்துவிட்டு நட்டைக் கழற்றுங்கள். ஜாக்கி நழுவினால் வண்டி அந்த டயர் மேல் உட்காரும். எதற்காகவும் வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ விடக் கூடாது.

கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. நட்டெல்லாம் கழற்றியாயிற்று, சக்கரம் வராது. உப்புக் காற்றில் துரு ஏறி டிஸ்க், அதாவது டயர் மாட்டியிருக்கும் சக்கரம், ஒட்டிக்கொண்டிருக்கும். பதற வேண்டாம். நட்டுகளை இரண்டு மூன்று சுற்று திரும்ப மாட்டி, வண்டியை மெதுவாக இறக்கி, பாரம் ஏறவிட்டு, மறுபடி தூக்குங்கள். பெரும்பாலும் விட்டுவிடும். இல்லையென்றால் டயரின் பக்கவாட்டில் குதிகாலால் ஒரு உதை, அப்புறம் எதிர்ப்பக்கம் ஒரு உதை. கழன்றதும் டிஸ்க் உட்காரும் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துருவை எடுங்கள். அந்தத் துரு நடுவில் இருந்தால் நட்டு இறுகிய மாதிரி தோன்றும், ஓடின பிறகு தளரும். ஆனால் போல்ட்டின் மரையில் எண்ணெயோ கிரீஸோ போடாதீர்கள். வழவழப்பில் அளவுக்கு மீறி இறுகிவிடும்.

மாட்டும்போது நட்டின் கூம்புப் பக்கம் உள்ளே. எல்லாவற்றையும் முதலில் விரலாலேயே முறுக்குங்கள். எடுத்த எடுப்பில் ஸ்பேனர் போட்டால் மரை பிசகியது தெரியாது. அப்புறம் ஸ்பேனரால் எதிரெதிராக, ஒன்றுக்குப் பிறகு அதற்கு நேர் எதிரில் இருப்பது என்று கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கி, கடைசி முறுக்கு. எவ்வளவு இறுக்கம்? சின்ன கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் வரும், சரியான எண் கையேட்டில். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் சந்தேகமே இல்லை. இல்லாதவர்களுக்கு ஒரு உத்தேசம்: ஒரு அடி நீள ஸ்பேனரின் முனையில் முப்பது கிலோ பாரத்தை அழுத்துகிற பலம் 90-க்குப் பக்கத்தில் வரும். ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதிப்பது வேண்டவே வேண்டாம். அப்படி இறுக்கினதை நடுச்சாலையில் கழற்ற வேண்டியவரும் நீங்கள்தான்.

இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. ஒரு கடையில் காற்றுத் துப்பாக்கியால் கடகடவென்று இறுக்கி அனுப்பிவிட்டார்கள். சில நாள் கழித்து ரெட்டிச்சாவடி தாண்டி இரவு எட்டு மணிக்கு மழையில் பஞ்சர். வண்டியோடு வந்த ஸ்பேனரை வைத்து நான் தொங்கியும் நட்டு அசையவில்லை. லாரி ஓட்டுநர் ஒருவர் நிறுத்தி, தன் இரும்புக் குழாயை மாட்டித் திருப்பிக் கொடுத்தார். இப்போது எந்தக் கடைக்குப் போனாலும், "கடைசி முறுக்கு கையால போடுங்கண்ணே" என்று பக்கத்திலேயே நிற்பேன்.

கடையில் கொடுப்பவர்களுக்கு

குனிந்து நிமிர முடியாதவர்கள் கடையில் கொடுப்பதில் தப்பே இல்லை. அலைன்மென்ட், பேலன்சிங்கோடு சேர்த்துச் செய்துகொள்ளலாம். பின்னாலிருந்து முன்னால் வரும் டயரில் பேலன்ஸ் கொஞ்சம் தப்பியிருந்தால் அதுவரை தெரியாதது 80-ல் ஸ்டியரிங் நடுக்கமாகத் தெரிய வரும். ஆனால் சாக்பீஸ் அடையாளத்தைக் கடைக்குப் போவதற்கு முன்பே போட்டுவிடுங்கள், டயரின் உள்பக்கமாக. ஒரு சர்வீஸ் சென்டரில் பில்லில் ரொட்டேஷன், அதாவது இடமாற்றம், என்று போட்டுக் காசு வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தால் மு.இ. முன் இடதிலேயே சமர்த்தாக இருந்தது. திரும்பப் போய், ஜாதக நோட்டோடு நின்றேன். காசு திரும்பி வந்தது, நான் மறுபடி அங்கே போகவில்லை.

மாற்றின பிறகு

காற்று. முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வேறு அளவு என்றால், இடம் மாறிய டயர் பழைய இடத்துக் காற்றோடுதான் வந்திருக்கும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் அளவு ஒட்டியிருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது பிடிக்க வேண்டும். இருபது கிலோமீட்டர் ஓடிய டயர் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கினால் மறுநாள் காலை குறைவாக இருக்கும். நான் வண்டியின் சாக்கெட்டில் சொருகும் சின்ன கம்ப்ரசர் வாங்கிவிட்டேன். டயர் காற்றைத் திரையில் காட்டும் வண்டி என்றால், எந்த டயர் எங்கே இருக்கிறது என்று அதற்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கலாம். கையேட்டில் அந்தப் பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். ஸ்டெப்னிக்கும் காற்றுப் பிடித்துவிட்டு உள்ளே வையுங்கள்.

முதல் நாள் ஓட்டும்போது ரேடியோவை அணைத்துவிட்டுப் போவேன். கொஞ்சம் புதுச் சத்தம் வரும், வேறு இடத்தில் பழகிய பட்டன் அல்லவா, அது சில நாளில் அடங்கும். ஆனால் டக் டக் என்று தட்டினால் உடனே ஓரம் கட்டி நட்டைப் பாருங்கள்.

தட்டாவிட்டாலும் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை இன்னொரு முறை பார்த்தாக வேண்டும். எனக்கு அது செவ்வாய்க்கிழமை மாலை வந்துவிடும். கடலூர்க்காரர்கள் பாதிப் பேர் போல நானும் முள்ளோடைக்கு அந்தப் பக்கம், புதுச்சேரி எல்லைக்குள்தான் பெட்ரோல் போடுவேன், லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. பங்கிலிருந்து வெளியே வந்து ஓரமாக நிறுத்தி, ஸ்பேனரை எடுத்து நான்கு சக்கரத்திலும் ஒவ்வொரு நட்டாகத் தொட்டுப் பார்ப்பேன். பதினாறு நட்டு, ஐந்து நிமிஷம். அப்புறம் நோட்டை எடுத்து, தேதிக்குப் பக்கத்தில் ஒரு டிக்.